தோசை, டி.ஏ., இ.எம்.ஐ. - விலைவாசியை யார் தலையில கட்டறாங்க?

மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டு இருந்த மேட்டர் இது. முன்னாடியே சொல்லிடறேன், நான் பொருளாதாரம் படிச்சவன் இல்லை. இன்ஜினியரிங் படிச்சுட்டு பொட்டி தட்டற ஆளு. ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை "ரிசர்வ் வங்கி வட்டியை ஏத்திடுச்சு, இறக்கிடுச்சு"ன்னு டிவியில அலறும்போது, அது எங்க வீட்டுப் பட்ஜெட்டுக்குள்ள எந்த வழியா நுழையுதுன்னு தெரிஞ்சுக்கற ஆசை உண்டு. கொஞ்சம் படிச்சேன், வீட்டுல பெரியவங்ககிட்ட கொஞ்சம் கேட்டேன். பதிவு நீளமாயிடும். காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒரு அடிப்படைக் குழப்பம். "பணவீக்கம் குறைந்தது"ன்னு பேப்பர்ல போட்டா எங்க அம்மா கேக்கற கேள்வி, "எங்கடா குறைஞ்சுது? பருப்பு அதே விலைதானே?" ரெண்டு பேர் சொல்றதும் சரி. பணவீக்கம்கிறது விலை இல்லை, விலை ஏறற வேகம். மந்தவெளியில ஆட்டோ ஏறி தி.நகர் போறீங்க. ஆட்டோ அறுபதுல போயிட்டிருந்தது, லஸ் தாண்டினதும் முப்பதுக்கு வந்துடுச்சு. வேகம் குறைஞ்சிடுச்சு, ஆனா மந்தவெளிக்குத் திரும்பிப் போகலையே! இன்னும் தி.நகர் பக்கம்தான் போயிட்டிருக்கு. 2025 அக்டோபர்ல நாட்டோட சில்லறைப் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம்னு அறிவிச்சாங்க. அதுக்கு அர்த்தம், ஒரு வருஷம் முன்னாடி இருந்த விலைமட்டத்துல ஏறக்குறைய அப்படியே நிக்குதுன்னுதான். அதுக்கு முந்தின பத்து வருஷம் ஏறினதெல்லாம் ஏறினதுதான். அது திரும்பி வராது.

சரி, ஏன் ஏறுது? இதுக்கு நான் கேட்ட விளக்கத்துலயே எனக்குப் பிடிச்சது தோசைக் கதை. 2015 பிப்ரவரியில கொச்சியில ஒரு கூட்டம். அப்ப ரிசர்வ் வங்கி கவர்னரா இருந்த ரகுராம் ராஜன்கிட்ட ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடண்ட் கேட்டுச்சு: பணவீக்கம் ஏறும்போது தோசை விலை ஏறுது, பணவீக்கம் குறையும்போது ஏன் இறங்க மாட்டேங்குது? (பாருங்க, எங்க அம்மா கேள்விதான்!) அவர் சொன்ன பதிலோட சாரம்: தோசை சுடற டெக்னாலஜி மாறவே இல்லை. அதே கல், அதே கரண்டி, மாவைத் தேய்க்க அதே ஒரு ஆள். ஆனா அந்த ஆளோட கூலி மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு.

இதுக்குப் பின்னாடி பெரிய சித்தாந்தமே இருக்கு. வில்லியம் பாமோல்னு அமெரிக்கப் பொருளாதார நிபுணர், 1960கள்ல வில்லியம் போவன்ங்கிறவரோட சேர்ந்து நாடகம், சங்கீதக் கச்சேரிகளோட செலவை ஆராய்ச்சி பண்ணாரு. இருநூறு வருஷம் முன்னாடி ஒரு கச்சேரிக்கு நாலு பேர், முக்கால் மணி நேரம் தேவைன்னா இப்பவும் அதே நாலு பேர், அதே முக்கால் மணி நேரம்தான். ஆனா ஃபேக்டரியில ஒரு ஆள் செய்யற வேலை பல மடங்கு கூடிடுச்சு, அங்க சம்பளமும் ஏறிடுச்சு. கச்சேரிக்காரங்களுக்கும் அதுக்கு ஈடா ஏத்தலைன்னா வாத்தியத்தை வெச்சுட்டு ஃபேக்டரிக்குப் போயிடுவாங்க. அதனால கச்சேரி டிக்கெட் விலை ஏறித்தான் ஆகணும். மயிலாப்பூருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்குமா? தோசை, கச்சேரி ரெண்டுமே நம்ம ஏரியா சரக்கு :-)

நம்ம ஊருக்கு மொழிபெயர்த்தா இப்படி: நான் எழுதற ஒரு ப்ரோக்ராம் பத்து பேருக்கும் ஓடும், பத்து லட்சம் பேருக்கும் ஓடும். தோசை மாஸ்டருக்கு அந்த வசதி இல்லை. ஒரு கல்லுல எத்தனை சுட முடியுமோ அத்தனைதான். ஆனா அவர் இதே சென்னையிலதான் வாடகை கொடுக்கணும், பையனை ஸ்கூல்ல சேர்க்கணும். ஓஎம்ஆர்ல சம்பளம் ஏறினா வேளச்சேரி, அடையாறுல வாடகை ஏறும். அப்புறம் மாஸ்டர் சம்பளம் ஏறும். அப்புறம் தோசை.

அப்படின்னா விலையேற்றம்னாலே கெட்டதுன்னு சொல்ல முடியாது. நான் அதிகமா குடுக்கற அஞ்சு ரூபாய் மாஸ்டர் பாக்கெட்டுக்குப் போனா, நல்லா இருக்கட்டும்! பிரச்சினை, எல்லா அஞ்சு ரூபாயும் அங்க போறதில்லை. 2022 மே மாசம் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் சென்னையில 2,500 ரூபாயைத் தொட்டுச்சு. அந்தச் சமயத்துல ஏறின தோசை விலை மாஸ்டருக்குப் போகலை, கேஸுக்குப் போச்சு. அதனால "விலை ஏறிடுச்சு"ன்னு கேட்டதும் என் முதல் கேள்வி, ஏறின காசு யார்கிட்ட போச்சு? ரெண்டாவது கேள்வி அதைவிட முக்கியம். விலையை அடக்கறேன்னு அரசாங்கம் இறங்கும்போது, யார் பாக்கெட்டுல கை வைக்குது?

இந்த ரெண்டாவது கேள்விக்கு எங்க குடும்பத்துலயே மூணு தலைமுறைக் கதை இருக்கு.

தாத்தா, 1974

எங்க தாத்தா 1974ல மத்திய அரசு ஆபீஸ் ஒண்ணுல கிளார்க். ஜாகை மயிலாப்பூர்ல ஒரு ஒண்டுக்குடித்தனம். அந்தக் காலகட்டத்தைக் கொஞ்சம் கற்பனை பண்ணுங்க. 1972ல கடும் வறட்சி. 1973 கடைசியில அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினதுல கச்சா எண்ணெய் சில மாசத்துல நாலு மடங்காச்சு. 1974-75ல நம்ம நாட்டோட மொத்தவிலைப் பணவீக்கம் சுமார் 25 சதவீதம். நூறு ரூபாய்ச் சாமான் ஒரே வருஷத்துல நூத்தி இருபத்தஞ்சு! 1974 மேயில ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில ரயில்வே ஸ்ட்ரைக், இருபது நாள் நாடே ஸ்தம்பிச்சது.

அந்த ஜூலையில இந்திரா காந்தி அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டுச்சு. அப்புறம் அது 'கூடுதல் ஊதிய கட்டாய டெபாசிட்' சட்டமாச்சு. விஷயம் இதுதான்: சம்பளத்துல புதுசா வர்ற உயர்வை முழுசா ஒரு வருஷத்துக்கும், அகவிலைப்படியில (அதாங்க, டி.ஏ.) புதுசா வர்ற உயர்வுல பாதியை ரெண்டு வருஷத்துக்கும் கையில குடுக்காம கணக்குல போட்டு முடக்கிட்டாங்க. அப்புறமா வருஷா வருஷம் தவணையில, வட்டியோட திருப்பிக் குடுத்தாங்க. பாட்டி இதைச் சொல்லும்போது சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க: "எங்க காசை சர்க்கார் உண்டியல்ல போட்டு வெச்சுது. உண்டியலை உடைக்கறதுக்குள்ள உங்கப்பா காலேஜ் போயிட்டான்."

அரசாங்கத்தோட லாஜிக் புரியாம இல்லை. சாமான் கம்மியா இருக்கு, கையில காசு ஜாஸ்தியானா விலை இன்னும் ஏறும், அதனால காசை முடக்கு. டி.ஏ.ங்கிறதே விலைவாசி ஏறினதுக்கு ஈடு. அதைக் குடுத்தா விலை திரும்ப ஏறும், ஏறினா திரும்ப டி.ஏ. குடுக்கணும்னு ஒரு வட்டம். நம்ம பாஷையில இன்ஃபினிட் லூப். அதை நடுவுல 'பிரேக்' பண்ணாங்க.

பலிச்சுதா? பலிச்சுதுன்னுதான் சொல்லணும். 1975-76ல மொத்தவிலை, முந்தின வருஷத்தைவிடக் கொஞ்சம் குறையவே செஞ்சுது. ஆனா அதே வருஷம் மழையும் பெய்து விளைச்சலும் அமோகம். இறக்கினது டி.ஏ. முடக்கமா, மழையா, வங்கிக் கடனை இறுக்கினதான்னு பட்டிமன்றம் நடத்தலாம். எனக்கு உறைச்சது வேற விஷயம். அரபு நாட்டு எண்ணெய்க்கும் பொய்த்த பருவமழைக்கும் மயிலாப்பூர் கிளார்க் காரணமில்லை. ஆனா கையெட்டற தூரத்துல இருந்த சம்பளம் அவரோடது. பதுக்கல்காரனைத் தேடிப் பிடிக்கணும். கிளார்க்கைத் தேடவே வேண்டாம், சம்பளப் பட்டியல்லயே இருக்காரு.

அம்மா, 2020

நாற்பத்தாறு வருஷம் கழிச்சு அதே சீன். எங்க அம்மா தமிழ்நாடு அரசு ஊழியர். 2020 ஏப்ரல்ல, கொரோனா சமயம், மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு டி.ஏ. உயர்வை 2021 ஜூன் வரைக்கும் நிறுத்தி வெச்சுது. தமிழ்நாடு அரசும் அதைத் தொடர்ந்து நிறுத்திச்சு. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையில 17 சதவீதம் 28 ஆச்சு. தமிழ்நாட்டுல 2022 ஜனவரி 1ல இருந்துதான் 17, 31 ஆச்சு. நடுவுல விட்டுப்போன மாசங்களுக்கு அரியர்ஸ் கிடையாது. தாத்தாவுக்கு உண்டியலாவது இருந்துச்சு, அம்மாவுக்கு அதுவும் இல்லை.

இந்தத் தடவை காரணம் விலையை அடக்கறது இல்லை, கஜானா காலி. ஆனா விலை நின்னுடல. 2020-21ல சராசரி சில்லறைப் பணவீக்கம் 6 சதவீதத்துக்கு மேல. விலை ஏறி, ஈடு வரலைன்னா அது சம்பளக் குறைப்புதான். பே ஸ்லிப்புல அதே நம்பர் இருக்கும், அதனால யாரும் 'குறைச்சுட்டாங்க'ன்னு சொல்ல மாட்டாங்க. பணவீக்கத்தோட பெரிய சாமர்த்தியமே இதுதான். சம்பளத்துல ஆயிரம் ரூபாய் வெட்டினா அடுத்த நாள் கொடி பிடிப்பாங்க. சம்பளத்தை அப்படியே வெச்சு விலையை ஏறவிட்டா, அதே ஆயிரம் ரூபாய் சத்தமில்லாமப் போயிடும்.

அம்மா அதிகம் புலம்பல. "அவனவன் வேலை போயி உக்காந்திருக்கான், நமக்குச் சம்பளம் வருதே"ன்னு முடிச்சுட்டாங்க. அதுவும் நியாயம்தான்.

நம்ம தலைமுறை, 2022

இப்ப காலம் மாறிடுச்சு. விலையை அடக்கற வேலை பெருமளவு ரிசர்வ் வங்கிகிட்ட. 2014 ஜனவரியில உர்ஜித் படேல் கமிட்டி அறிக்கை, 2015ல அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் ஒப்பந்தம், 2016ல சட்டத் திருத்தம். பணவீக்கம் 4 சதவீதம் இருக்கணும், 2 கூடலாம், 2 குறையலாம். ஆறு பேர் கொண்ட குழு வட்டியைத் தீர்மானிக்கும், மூணு பேர் ரிசர்வ் வங்கி, மூணு பேர் அரசு நியமிக்கற நிபுணர்கள். சட்டத்துல அவங்க வேலை என்னன்னு எழுதியிருக்கு: விலை நிலைத்தன்மை, அதோட வளர்ச்சியையும் மனசுல வெச்சுக்கணும். வேலைவாய்ப்புங்கிற வார்த்தை அந்த வரியில இல்லை. அமெரிக்காவுல 1977ல போட்ட சட்டத்துல அவங்க மத்திய வங்கிக்கு விலையோட சேர்த்து அதிகபட்ச வேலைவாய்ப்பும் குறிக்கோள்னு எழுதி வெச்சிருக்காங்க. எழுதி வெச்சதாலயே எல்லாம் நடந்துடுமான்னு கேக்காதீங்க, கீழே வரேன்.

2022ல உக்ரைன் யுத்தம். ஏப்ரல்ல நம்ம பணவீக்கம் 7.79 சதவீதம். மே 4ம் தேதி, வழக்கமான கூட்டத்துக்குக்கூடக் காத்திருக்காம ரெப்போ வட்டியை 4ல இருந்து 4.40க்கு ஏத்தினாங்க. 2023 பிப்ரவரியில அது 6.50. பத்து மாசத்துக்குள்ள ரெண்டரை சதவீதம். மூணு காலாண்டு தொடர்ந்து 6க்கு மேல போனதால, சட்டப்படி 'ஏன் தவறிட்டோம்'னு அரசாங்கத்துக்கு ரிசர்வ் வங்கி லெட்டரே எழுத வேண்டி வந்துச்சு.

ஆபீஸ்ல என் பக்கத்து சீட் நண்பர் 2021ல மேடவாக்கம் பக்கம் ஃப்ளாட் வாங்கினாரு. கணக்குக்கு 40 லட்சம் கடன், 20 வருஷம், 6.7 சதவீத வட்டின்னு வெச்சுக்கங்க. இ.எம்.ஐ. சுமார் 30,300. வட்டி 9.2 ஆனா இ.எம்.ஐ. சுமார் 36,500. மாசம் ஆறாயிரத்துச் சொச்சம் கூடுதல். "இ.எம்.ஐ.யை மாத்த வேண்டாம், வருஷத்தை நீட்டிக்கலாம்"னு பேங்க்ல சொல்வாங்க. இங்கதான் வேடிக்கை. கடன் வாங்கின புதுசுல 40 லட்சத்துக்கு 9.2 சதவீதத்துல ஒரு மாச வட்டியே 30,667. பழைய இ.எம்.ஐ. 30,300. அதாவது, மாசாமாசம் தவறாம கட்டினாலும் கடன் குறையாது, வளரும்! 2023 ஆகஸ்டுல ரிசர்வ் வங்கியே தலையிட்டு, இ.எம்.ஐ.யை ஏத்தறதா, வருஷத்தை நீட்டறதான்னு கடன் வாங்கினவர்கிட்ட கேளுங்க, கடன் இப்படி வளர விடாதீங்கன்னு பேங்குகளுக்கு சர்க்குலர் போட்டுச்சு.

நண்பர் சமாளிச்சுட்டாரு. வெளியில சாப்பிடறதைக் குறைச்சாரு, பழைய பைக்கே போதும்னு விட்டாரு. அதுதான் ரிசர்வ் வங்கிக்கும் வேணும். நீங்களும் நானும் செலவைக் குறைச்சா, கடைக்காரன் விலையை ஏத்த யோசிப்பான். 1974ல டி.ஏ.வை முடக்கினதும் இதே தத்துவம்தான். இப்ப கை வைக்கற இடம் மட்டும் மாறியிருக்கு, பே ஸ்லிப்புக்குப் பதிலா லோன் அக்கவுண்ட்.

ஆனா நண்பர் வாங்காத ரெண்டாவது ஃப்ளாட், இன்னொருத்தர் தள்ளிப்போட்ட வீடு, இதெல்லாம் சேர்ந்தா என்ன ஆகும்? பில்டர் புது வேலை ஆரம்பிக்க மாட்டான். காலையில டிபன் பாக்ஸோட தெருமுனையில நிக்கற கொத்தனார், சித்தாளுக்கு அன்னிக்கு வேலை இல்லை. அவங்களுக்கு ரெப்போன்னா என்னன்னே தெரியாது. பேங்க்ல கடனும் கிடையாது. வட்டி அவங்க தலையில விழறது வேலை இல்லாத நாளா.

இது கற்பனை இல்லை, அமெரிக்காவுல ஊரறிய நடந்துச்சு. 1979ல பால் வோல்க்கர் பதவிக்கு வந்ததும், பணவீக்கத்தை ஒழிச்சே தீருவேன்னு வட்டியை 20 சதவீதம் பக்கத்துக்குக் கொண்டுபோனாரு. பணவீக்கம் ஒழிஞ்சுது. 1982 கடைசியில வேலையில்லாதவங்க 10.8 சதவீதம். வீடு கட்டற ஆளுங்க, 'கட்ட வேலை இல்லை, மரம் சும்மா கிடக்கு, நீயே வெச்சுக்கோ'ங்கிற மாதிரி அவருக்கு மரக்கட்டைகளைத் தபால்ல அனுப்பினாங்களாம். அதிகபட்ச வேலைவாய்ப்புன்னு சட்டத்துல எழுதின அதே நாட்டுலதான் :-(

வட்டி ஏத்தினா தக்காளி காய்க்குமா?

2023 ஜூலை ஞாபகம் இருக்கா? கோயம்பேட்டுலயே தக்காளி நூறைத் தாண்டிடுச்சு. நாட்டோட பணவீக்கம் 7.44 சதவீதம். ரெப்போ ஏற்கனவே 6.50ல நிக்குது. வட்டியை எட்டாக்கினாலும் தக்காளிச் செடி சீக்கிரம் காய்க்காது. 2012ஐ அடிப்படையா வெச்சுப் போட்ட சில்லறை விலைக் குறியீட்டுல சாப்பாட்டுக்கும் குடிக்கறதுக்குமே ஏறக்குறைய 46 சதவீத எடை. அந்தப் பாதியை ஆட்டி வைக்கறது மழை, லாரி, கிடங்கு. வட்டி இல்லை.

அப்ப தமிழ்நாடு அரசு செஞ்சது வேற: சென்னையில ரேஷன் கடைகள்ல கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி வித்தாங்க. இது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. திருவல்லிக்கேணி அர்பன் கூட்டுறவுச் சங்கம், நம்ம டியூசிஎஸ், 1904ல ஆரம்பிச்சது. மளிகைக் கடைக்காரன் வெச்சதுதான் விலைங்கிறதுக்கு எதிரா, வாங்கறவங்களே ஒண்ணு சேர்ந்து நடத்தற கடை. 2011 ஜூன்ல இருந்து ரேஷன்ல விலையில்லா அரிசி. 2013 பிப்ரவரியில அம்மா உணவகம், இட்லி ஒரு ரூபாய். 2021 மேயில இருந்து பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ்ல டிக்கெட் இல்லை. இதுல ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொல்லுச்சு.

இதையெல்லாம் 'இலவசம்'னு கிண்டல் பண்றவங்க நம்ம ஆபீஸ் கேண்டீன்ல நிறைய. (மானிய விலை கேண்டீன்ல மானிய விலை காபி குடிச்சுட்டே பேசுவாங்க.) என்னைப் பொறுத்தவரைக்கும் இது டி.ஏ. கிடைக்காதவங்களுக்கான டி.ஏ. விலை ஏறினாலும் அரிசிக்கும் பஸ்ஸுக்கும் ஏறாது.

ஆனா இதுக்கும் ஒருத்தர் விலை குடுக்கறாரு. அம்மா உணவகத்துல 2013 இட்லி விலை மாறவே இல்லை. அதே காலத்துல, 2024 வரைக்கும் பார்த்தா, நாட்டோட பொது விலைமட்டம் 80 சதவீதத்துக்கு மேல ஏறிடுச்சு. வித்தியாசத்தை மாநகராட்சி கட்டுது, சரி. அங்க இட்லி வேக வைக்கறவங்க சுய உதவிக் குழுப் பெண்கள். அவங்க தினக்கூலி 300 ரூபாயா இருந்தது 2024லதான் 325 ஆச்சு. மலிவு இட்லி சாப்பிடறவரும் உழைப்பாளி, அதைச் சுடறவரும் உழைப்பாளி. ஒருத்தர் விலைவாசியில இருந்து தப்பிக்க, இன்னொருத்தர் கூலி அப்படியே நிக்குது.

தி.நகர் அக்கா

இந்தப் பதிவை எழுத வெச்சதே எங்க தெருவுல இருக்கற ஒரு அக்காதான். தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ். 2019ல 11,000 வாங்கிட்டு இருந்தாங்க, 2024ல 13,000. "ரெண்டாயிரம் ஏத்திட்டாங்க தம்பி"ன்னு அவங்களே சொன்னாங்க. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். அந்த அஞ்சு வருஷத்துல விலைமட்டம் சுமார் 30 சதவீதம் ஏறியிருக்கு. 2019ல 11,000க்கு வாங்கினதை 2024ல வாங்க 14,300 வேணும். அதாவது ஏறினது ரெண்டாயிரம் இல்லை, இறங்கினது ஆயிரத்து முந்நூறு. இலவச பஸ்ல அந்த 888 மிச்சமாச்சுன்னா, மீதி நானூத்திச் சொச்சம் துண்டு விழுது. அஞ்சு வருஷம் கூடுதலா வேலை கத்துக்கிட்டதுக்குப் பரிசு.

சட்டத்துல வழி இல்லாம இல்லை. குறைந்தபட்ச ஊதியத்தோட ஒரு டி.ஏ.வும் உண்டு, அது சென்னை விலைவாசிக் குறியீட்டோட சேர்த்துக் கட்டியிருக்கு. ஆனா அது தரை, அதுக்கு மேல எவ்வளவுங்கிறது முதலாளி இஷ்டம். தரை எவ்வளவுன்னு அந்த அக்காவுக்குத் தெரியாது, கேட்டா வேலை இருக்குமான்னும் தெரியாது. கடையில நாள் முழுக்க நிக்கறவங்க உக்கார ஒரு ஸ்டூல் போடணும்னு சட்டம் வர்றதுக்கே 2021 ஆச்சு. உக்காரவே சட்டம் வேண்டியிருக்கற இடத்துல, பணவீக்கத்துக்கு ஈடு கேட்டு யார் பேரம் பேசறது?

வளர்ச்சி வந்தா எல்லாம் சரியாயிடும்னு சொல்வாங்க. 2024-25ல தமிழ்நாட்டோட உண்மை வளர்ச்சி 11 சதவீதத்தைத் தாண்டிச்சு. உண்மையிலேயே சந்தோஷப்பட வேண்டிய விஷயம், ஃபேக்டரி வந்தாத்தான் வேலை வரும். ஆனா வளர்ச்சிங்கிற பேர்ல என்ன கேக்கறாங்கன்னும் பார்க்கணும். 2023 ஏப்ரல் 21ல, ஃபேக்டரிகள்ல ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி பண்ற மசோதா சட்டசபையில நிறைவேறுச்சு. வாரத்துக்கு 48 மணி நேரம்தான், நாலு நாள் வேலை செஞ்சா மூணு நாள் லீவுன்னு விளக்கம் சொன்னாங்க. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு, தொழிற்சங்கங்கள் கொதிப்பு. மூணே நாள்ல நிறுத்தி வெச்சாங்க, மே 1 அன்னிக்கு சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவுல முதல்வரே வாபஸ்னு அறிவிச்சாரு. அங்க சங்கம் இருந்துச்சு, அதனால நின்னுச்சு. அக்கா கடையில இல்லை.

நம்ம கதை மட்டும் என்ன வாழுது? பெரிய ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகள்ல ஃப்ரெஷர் சம்பளம் வருஷத்துக்கு 3 லட்சத்துச் சொச்சத்துல ஆரம்பிச்சு, பத்துப் பன்னிரண்டு வருஷம் கழிச்சும் மூணரை லட்சத்தைச் சுத்தியே நின்னுச்சு. நடுவுல விலைமட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஏ.சி.யில உக்காந்திருக்கோம், ஸ்டூல் பிரச்சினை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால ஜவுளிக்கடை அக்கா பிரச்சினை 'அவங்க' பிரச்சினைன்னு நினைக்கற சக பொட்டி தட்டிகள் கொஞ்சம் யோசிங்க.

அப்ப என்னதான் சொல்ல வர்ற?

பணவீக்கத்தை விட்டுடலாம்னு நான் சொல்லலை. நல்லா யோசிச்சா, பணவீக்கம் முதல்ல அடிக்கறதே டி.ஏ. இல்லாத, சங்கம் இல்லாத அக்காவைத்தான். அதை அடக்கினா அதிகம் பிழைக்கறதும் அவங்கதான். ஆனா அடக்கற மருந்தும் அவங்களையும், அந்தத் தெருமுனை சித்தாளையும்தான் முதல்ல அடிக்குது. நோயும் அவங்களுக்கு, மருந்தோட கசப்பும் அவங்களுக்கு. இந்த முடிச்சை ரெப்போ ஒண்ணை வெச்சு அவிழ்க்க முடியாது.

என் சிற்றறிவுக்கு எட்டினது மூணு விஷயம். ஒண்ணு, ஏறினது மழையாலயா, எண்ணெயாலயா, மக்கள் செலவாலயான்னு பார்த்து மருந்து குடுக்கணும். தக்காளிக்குக் கிடங்கும் லாரியும் கூட்டுறவுக் கடையும்தான் மருந்து, இ.எம்.ஐ. இல்லை. ரெண்டு, விலையோட சம்பளத்தைக் கட்டற கயிறு அரசு ஊழியருக்கு மட்டும் இல்லாம கடைக்கும் மெஸ்ஸுக்கும் எட்டணும். குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு, இந்த வருஷம் டி.ஏ. எவ்வளவுன்னு ஒவ்வொரு கடை வாசல்லயும் தமிழ்ல, பெரிய எழுத்துல ஒட்டி வெச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. மூணு, மானியம் குடுத்து விலையை நிறுத்தும்போது, அந்த மானியத்தை அங்க வேலை செய்யறவங்க கூலியில இருந்து எடுக்கக் கூடாது. ஒரு ரூபாய் இட்லி ஒரு ரூபாயாவே இருக்கட்டும், சுடறவங்க கூலி ஏறட்டும்.

அந்த அக்காகிட்ட நான் போட்ட கணக்கைச் சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். ரெண்டாயிரம் ஏறுச்சுன்னு சந்தோஷமா இருக்காங்க, அதைக் கெடுப்பானேன்னு தோணுச்சு. அப்புறம் போன வாரம் சொல்லிட்டேன், பேப்பர்ல எழுதியே காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கேட்டாங்க: "இந்தத் தரை சம்பளம்னு சொன்னியே, அது எவ்வளவுன்னு எங்க பார்க்கணும் தம்பி?" தொழிலாளர் துறை அறிவிப்பைத் தேடி எடுத்து, பிரிண்ட் போட்டுக் குடுத்திருக்கேன். கடையில கூட வேலை செய்யறவங்களுக்குன்னு இன்னும் நாலு காப்பி கேட்டிருக்காங்க.

பி.கு: உங்க வீட்டுலயும் 1974 உண்டியல் கதை இருந்தா பெரியவங்ககிட்ட கேட்டு எழுதுங்க. அந்தத் தலைமுறை போயிட்டா, இந்தக் கணக்கைச் சொல்ல ஆள் இருக்க மாட்டாங்க.